முதலில் யாருடைய பாதை?

கார்ல்ஸ்கூகா என்ற ஊரின் பெயர் நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. அங்கே உருவான பொருளின் பெயரைச் சொன்னால் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் சட்டென்று விளங்கிவிடும்: போஃபர்ஸ். 1986-இல் இந்திய அரசு வாங்க ஒப்பந்தம் போட்ட பீரங்கிகளைச் செய்த ஆலை இருப்பது இந்த ஊரில்தான். அந்தப் பேரத்தின் ஆவணங்களைச் சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழ் 1988-இல் அச்சிட்டபோது, டெல்லி அரசியலே ஆட்டம் கண்டது. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஓர் ஏரிக்கரையில், ஏறத்தாழ 30,000 பேர் வாழும் சிறு நகரம் அது. 1894-இல் ஆல்ஃப்ரெட் நோபல் போஃபர்ஸ் ஆலையை வாங்கி, ஆலையை ஒட்டிய பியோர்க்போர்ன் மாளிகையைத் தன் ஸ்வீடன் வீடாக்கிக்கொண்டதால், நோபல் பரிசின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் அந்த ஊர் உலகின் கண்ணில் பட்டது பீரங்கியாலோ பரிசாலோ இல்லை. தெருவில் விழும் பனியை எந்த வரிசையில் அகற்றுவது என்று அதன் நகராட்சி கேட்டுக்கொண்ட ஒரு கேள்வியால் பட்டது. கேள்வி சின்னதுதான். ஆனால் ஒரு நகராட்சி யாருடைய காலை நேரத்தை மதிக்கிறது, யாருடைய எலும்பு முறிவைக் கணக்கில் வைக்கிறது என்பதை அது வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது.

பனி விழும் ஊர்களில் அதை அகற்றுவது, நம் ஊரில் குப்பை அள்ளுவது போல அன்றாட நகராட்சி வேலை. வானிலை அறிக்கை வந்ததும் ஓட்டுநர்கள் தயார் நிலையில் காத்திருப்பார்கள். தரையில் பனி குறிப்பிட்ட சில சென்டிமீட்டர் உயரம் சேர்ந்துவிட்டால், நள்ளிரவோ விடிகாலையோ, வண்டிகள் கிளம்பிவிட வேண்டும். பெரிய சாலைகளில் முன்புறம் அகன்ற தகடு பொருத்திய லாரிகள் பனியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகும். நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் சிறிய டிராக்டர்கள். பல ஊர்களில் இந்த டிராக்டர்கள் ஒப்பந்தக்காரர்களுடையவை. கோடையில் வயலில் உழும் வண்டியே குளிர்காலத்தில் தெருவில் பனி தள்ளும். தள்ளிய பிறகு வழுக்காமலிருக்கக் கல்லுப்போ பொடி ஜல்லியோ தூவுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எவ்வளவு பணக்கார ஊரானாலும் எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் வண்டி விட முடியாது. ஓர் இடத்துக்கு அதிகாலை நாலு மணிக்கு வண்டி வந்தால், இன்னோர் இடத்துக்குப் பத்து மணிக்குத்தான் வரும். ஆகவே எங்கே முதலில், எங்கே கடைசியில் என்று ஒரு பட்டியல் இருந்தே தீரவேண்டும். அந்தப் பட்டியலைப் பெரும்பாலான ஊர்களில் பொறியாளர்கள் எப்போதோ எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே பின்பற்றினார்கள்.

கார்ல்ஸ்கூகாவின் பழைய பட்டியலும் அப்படித்தான் இருந்தது. முதலில் பெரிய சாலைகள், ஆண்கள் மிகுதியாக வேலை பார்க்கும் பெரிய ஆலைகளுக்குப் போகும் வழிகள். நடைபாதைகளும் சைக்கிள் பாதைகளும் கடைசியில். அதை யாரும் தவறென்று நினைத்ததில்லை. சாலை என்றாலே கார் ஓடும் சாலை என்பது பொறியியல் பழக்கம். 2011-இல் அந்த நகராட்சி தன் திட்டங்கள் அனைத்தையும் ஆண்–பெண் சமத்துவக் கண்ணோடு மறுபரிசீலனை செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு துறையாகக் கேள்விகள் வந்துகொண்டிருந்தபோது, ஓர் அதிகாரி வேடிக்கையாகச் சொன்னாராம்: நல்லவேளை, பனி அள்ளுவதிலாவது இந்தச் சமத்துவக்காரர்கள் மூக்கை நுழைக்க முடியாது என்று. அந்தக் கிண்டலே கேள்வியாகத் திரும்பியது. காலையில் யார் காரில் போகிறார்கள், யார் நடந்து போகிறார்கள் என்று பார்த்தால், பனி அள்ளும் வரிசைகூட எல்லோருக்கும் பொதுவானதில்லை என்று புரிந்தது. வீட்டில் ஒரே கார் இருந்தால் அதைப் பெரும்பாலும் ஆண் எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போகிறார். பெண், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து மழலையர் பள்ளியில் விட்டு, அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்கோ வேலைக்கோ நடக்கிறார். திரும்பும் வழியில் கடைக்கும் போகிறார். 2019-இல் வெளிவந்த தன் நூலில் கரோலின் கிரியாடோ பெரெஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் இந்தக் கதையை எடுத்தெழுதிய பிறகு, கார்ல்ஸ்கூகா உலகெங்கும் பேசப்பட்டது.

கதை சுவையானது என்பதற்காக அதை நம்ப வேண்டியதில்லை. மருத்துவமனைக் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஸ்வீடனின் வட பகுதியில், விபத்துக் காயத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்களின் விவரங்களை 1985 முதல் தொகுத்து வருகிறார்கள். வழுக்கும் நாட்களில் காரோட்டிகளைவிட மூன்று மடங்கு அதிகமாகக் காயப்படுகிறவர்கள் பாதசாரிகள் என்பது அந்தத் தொகுப்பிலிருந்து தெரியவந்தது. போக்குவரத்துக் காயங்களுக்காக மருத்துவமனைப் படுக்கையில் கழியும் நாட்களில் பாதி அவர்களுடையது. உமேயோ நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் பற்றிய ஓர் ஆய்வில், பாதசாரிகளின் காயங்களில் 79 விழுக்காடு குளிர்கால மாதங்களில் நேர்ந்தவை. எந்த வண்டியும் மோதாமல் தாமாகவே வழுக்கி விழுந்து காயப்பட்டவர்களில் 69 விழுக்காட்டினர் பெண்கள். தென்கோடி மாகாணமான ஸ்கோனேயில், ஒரே குளிர்காலத்தில் பாதசாரிகள் விழுந்ததால் ஏற்பட்ட செலவைக் குறைத்தே மதிப்பிட்டும் 3 கோடியே 60 லட்சம் குரோனர் வந்தது. பனிக்காலச் சாலைப் பராமரிப்புக்கு ஆகும் செலவைப் போல அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. சாலைத் துறை மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் மருத்துவமனை வழியாக இரட்டிப்பாக வெளியேறிக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

இவ்வளவு பெரிய சேதம் எப்படி இத்தனை காலம் கண்ணில் படாமலிருந்தது? காரணம், எண்ணும் முறையில் இருக்கிறது. சாலை விபத்தில் ஒருவரும் சாகக்கூடாது என்ற கொள்கையை 1997-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய நாடு ஸ்வீடன். சாலைப் பாதுகாப்பில் உலகுக்கே முன்மாதிரி. ஆனால் அங்கேயும் அதிகாரபூர்வ வரையறைப்படி, ஒரு வண்டியாவது சம்பந்தப்பட்டால்தான் அது போக்குவரத்து விபத்து. காரும் காரும் உரசினால் அது புள்ளிவிவரத்தில் ஏறும். எழுபது வயதுப் பாட்டி நடைபாதையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அது அவருடைய தனிப்பட்ட துரதிர்ஷ்டமாக நின்றுவிடும். போலீஸ் வராது, பத்திரிகையில் வராது, சாலைப் பொறியாளரின் மேசைக்கும் போகாது. போலீஸ் கணக்கோடு மருத்துவமனைக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் தகவல் தொகுப்பு வந்த பிறகுதான் நடப்பவர்களின் காயம் எண்ணாக மாறியது. எண்ணப்படாத காயத்துக்காக எந்த நகராட்சியும் வண்டியை முன்கூட்டி அனுப்பாது. பழைய பட்டியலை எழுதிய பொறியாளர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கையிலிருந்த ஏட்டில் பாதசாரியே இல்லை.

பனியின் இயல்பும் பழைய பட்டியலுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. பத்து சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்த தெருவில், குளிர்கால டயர் போட்ட கார் வேகத்தைக் குறைத்து எப்படியோ போய்விடும். அதே பத்து சென்டிமீட்டரில் குழந்தைத் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் சுழலாது. மாற்றுத்திறனாளியின் சக்கர நாற்காலி நகராது. வாக்கர் பிடித்து நடக்கும் முதியவர் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார். மேலும், புதுப்பனி இலவம்பஞ்சு போல லேசானது, தள்ளினால் நகர்ந்துவிடும். அதன்மேல் நூறு பேர் நடந்துவிட்டால் அது இறுகிக் கட்டியாகி, தகட்டுக்கு மசியாத பனிக்கட்டிப் பாளமாகிவிடும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கத் தனிக் கருவி வேண்டும். நடைபாதையைப் பத்து மணிக்கு ஒதுக்கும் பட்டியல், காலை ஏழு மணிக் கூட்டம் அதை மிதித்துக் கெட்டியாக்கக் காத்திருந்துவிட்டு வண்டியை அனுப்புகிறது. உப்புக்கும் எல்லை உண்டு. பனியின் உறைநிலையைத் தாழ்த்திக் கரைப்பதுதான் கல்லுப்பின் வேலை. ஏட்டளவில் மைனஸ் 21 டிகிரி வரை அது சாத்தியம் என்றாலும், நடைமுறையில் மைனஸ் பத்தை நெருங்கும்போதே அதன் வீரியம் ஒடுங்கிவிடும். அப்போது ஜல்லி ஒன்றே துணை. அது கரைக்காது, காலுக்குப் பிடிமானம் தரும், அவ்வளவுதான். கடுங்குளிரைவிட ஆபத்தானவை பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நாட்கள். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, விடிகாலையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாகத் தரையில் படிந்திருக்கும். இதை அகற்றும் வேலையில் 'எப்போது' என்பதுதான் பாதி வேலை. அதனால்தான் வரிசை இவ்வளவு முக்கியமாகிறது.

கார்ல்ஸ்கூகா செய்தது, புதிதாக எதையும் வாங்காமல் பட்டியலைத் திருப்பிப் போட்டதுதான். முதலில் மழலையர் பள்ளிகளைச் சுற்றியுள்ள வழிகள். ஏனென்றால் பெற்றோரின் நாள் அங்கிருந்துதான் தொடங்குகிறது, குழந்தையை விடாமல் யாரும் வேலைக்குப் போக முடியாது. அடுத்து பெரிய பணியிடங்கள். ஆனால் இம்முறை ஆலைகளோடு, பெண்கள் மிகுதியாக வேலை பார்க்கும் மருத்துவமனை போன்ற இடங்களும் அந்தச் சொல்லுக்குள் வந்தன. பிறகு பள்ளிகள், அதற்குப் பின் மற்றவை. நடைபாதையும் சைக்கிள் பாதையும் கடைசி வரியிலிருந்து மேலேறின. பனியின் அளவு மாறவில்லை, ஊரின் பரப்பும் மாறவில்லை. எதை முன்னால், எதைப் பின்னால் என்பது மட்டும் மாறியது. இதனால் கூடுதல் செலவு ஏற்படவில்லை என்று நகராட்சி கூறியது. ஒரு குளிர்காலம் போல் மறு குளிர்காலம் இருப்பதில்லை என்பதால், அடுத்த ஆண்டே இத்தனை எலும்பு முறிவு குறைந்தது என்று மார்தட்டுவது எந்த ஊருக்கும் கடினம். ஆனால் இந்த மாற்றத்தின் நியாயம் அப்படியொரு எண்ணை நம்பி நிற்கவில்லை. காயம் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே முதலில் போவது என்ற எளிய கணக்கு அது.

இதை மறுப்பவர்கள் உடனே காட்டுவது ஸ்டாக்ஹோமை. தலைநகரமும் இதே கொள்கையை ஏற்று, நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் பேருந்துத் தடத்துக்கும் முன்னுரிமை தந்தது. 2016 நவம்பர் 9-ஆம் நாள் நகரில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் பனி குவிந்தது. நவம்பர் மாதத்தில் நூறாண்டுகளாகக் காணாத அளவு. பேருந்துகள் நின்றன, கார்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கின, நடைபாதைகளிலும் நடக்க முடியவில்லை. 'சமத்துவப் பனியகற்றல்' என்ற சொல்லே கேலிப்பொருளாகி, உலக ஊடகங்கள் வரை போனது. ஆனால் அன்று தோற்றது வரிசையா, வலுவா? நகரத்திடம் இருந்த வண்டிகளின் சக்திக்கு மீறிய பனி ஒரே நாளில் விழுந்தது. ஸ்வீடன் சட்டப்படி குளிர்கால டயர் கட்டாயமாவது டிசம்பர் 1 முதல். அதற்கு மூன்று வாரம் முன்பே வந்த புயலில், கோடை டயரோடு வந்து சிக்கிய வண்டிகள் பனியள்ளும் வண்டிகளுக்கும் வழி மறித்தன. அன்று கார்களுக்கே முதலிடம் தந்திருந்தாலும் நகரம் ஓடியிருக்காது. வெள்ளம் கரைபுரண்ட நாளில் மடை திறக்கும் முறையைக் குறை சொல்வது போன்றது இந்த வாதம். அந்த நாள் கற்றுத்தந்த பாடம் வேறு: வரிசையை மாற்றினால் மட்டும் போதாது, கடைசிவரை வேலையை முடிக்கும் ஆளும் வண்டியும் ஒப்பந்தமும் வேண்டும். ஒரு சிறிய ஊரில் பட்டியல் முழுவதையும் காலைக்குள் முடித்துவிடலாம். மாநகரத்தில் முடியாதபோது, பட்டியலின் வால் எங்கே அறுந்துபோகிறது என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் பேருந்தும் ஓடுவது சாலையில்தானே, அதைப் பின்னுக்குத் தள்ளலாமா? தள்ளக்கூடாது, யாரும் அப்படித் தள்ளச் சொல்லவுமில்லை. கார்ல்ஸ்கூகா வழியாகப் போகும் ஈ-18 நெடுஞ்சாலை அரசின் போக்குவரத்துத் துறைக்குச் சொந்தமானது. அதை அந்தத் துறையே துப்புரவாக்குகிறது, நகராட்சி அல்ல. மருத்துவமனைக்குப் போகும் வழி புதிய பட்டியலிலும் மேலேதான் இருக்கிறது. லாரிகள் சாலையிலும் சிறிய டிராக்டர்கள் பாதையிலும் ஓடுவதால், ஒன்றை முன்னிழுக்க இன்னொன்றை நிறுத்தவேண்டிய அவசியம் பல நேரங்களில் வருவதில்லை. உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. பாதையை முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு சாலையில் லாரி விட்டால், லாரி தள்ளும் பனி ஓரமாகப் போய்ச் சுத்தமான நடைபாதையிலேயே மதில் போலக் குவியும். பேருந்து நிறுத்தத்தின் வாயையும் அடைத்துவிடும். ஒரே வேலையை இருமுறை செய்ய நேரிடும். இது நடைமுறை அறிந்தவர்கள் எழுப்பும் நேர்மையான கேள்வி. பாதையையும் அதை ஒட்டிய சாலையையும் ஒரே சுற்றில், ஒருவர் பின் ஒருவராக முடிக்கும்படி ஒப்பந்தம் எழுதுவதும், தள்ளிய பனியைக் கொட்ட ஓர் இடத்தை முன்கூட்டியே குறித்துவைப்பதும்தான் இதற்கு விடை. பழைய பட்டியலுக்குத் திரும்புவது விடை ஆகாது. அங்கேயும் இதே மதில் எழுந்தது, அதை இடிக்கும் வேலை மட்டும் கடைசிக்குப் போனது.

மூன்றாவதாக, பனிக்காலத்தில் நடப்பவர்கள்தாமே கவனமாக நடந்தால் போதாதா என்பவர்கள் உண்டு. செருப்படியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகளை ஸ்வீடனின் பல நகராட்சிகள் முதியவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கின்றன. நல்ல செயல், விழுவதைக் குறைக்கவும் செய்கிறது. ஆனால் முள் பட்டை முழங்காலளவு பனியில் வழி உண்டாக்காது. தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் அதை மாட்டவும் முடியாது. வீட்டுக்காரர்கள் தங்கள் வாசல் நடைபாதையைத் தாங்களே சுத்தம் செய்யட்டும் என்ற வாதமும் பழையது. கூரையில் தொங்கும் பனிக்கூர்கள் யார் தலையிலும் விழாமல் பார்த்துக்கொள்வது கட்டட உரிமையாளரின் பொறுப்பாக இருப்பது நியாயம். ஆனால் நடைபாதை ஒரு சங்கிலி. பத்து வீட்டுக்காரர்கள் அள்ளி, பதினொன்றாவது வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தால், நடப்பவர் விழுவது அந்தப் பதினொன்றாவது வாசலில்தான். சாலையை மட்டும் யாரும் வீட்டுக்கு வீடு துண்டு போட்டு மக்களிடம் ஒப்படைப்பதில்லை என்பதை இங்கே நினைக்க வேண்டும். தமிழர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோ, நீண்ட காலம் நகரின் சில பகுதிகளில் இந்தப் பொறுப்பை வீட்டுக்காரர்களிடமே விட்டிருந்தது. 2021-இல்தான் நடைபாதைகள் அனைத்தையும் நகரமே துப்புரவாக்குவது என்று முடிவெடுத்தது.

கடைசியாக, இதற்கு ஏன் பெண், ஆண் என்ற பெயர் என்ற கேள்வி. நடப்பவர் என்று சொன்னால் போதாதா? ஒரு வகையில் இது சரி. வழுக்கி விழும் முதிய ஆணின் எலும்பும் முறியத்தான் செய்கிறது. பள்ளிக்கு நடக்கும் சிறுவனுக்கும் பாதை வேண்டும். 'சமத்துவம்' என்ற முத்திரை குத்தப்பட்டதால்தான் ஸ்டாக்ஹோமில் ஒரு வானிலைச் செய்தி அரசியல் சண்டையாக மாறியது. அந்த முத்திரையை விட்டுவிட்டாலும் பட்டியல் மாற வேண்டிய காரணம் குறையாது. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. நடப்பவர் யார் என்று அத்தனை ஆண்டுகள் பொறியாளர்கள் கேட்கவில்லை. பெண்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று யாரோ கேட்ட பிறகுதான் நடப்பவரே ஏட்டில் ஏறினார். பெயர் எதுவானாலும், கேள்வி கேட்டவர்களுக்கு அந்தப் பெருமை உரியது.

ஒரு கார் பனியில் சிக்கினால் அரை மணி நேரம் வீணாகும். யாராவது இரண்டு பேர் கைகொடுத்தால் அது கிளம்பிவிடும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் பழையபடி நடப்பதே இல்லை. இந்த இரண்டு இழப்பையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தால், பனி வண்டி முதலில் எங்கே போகவேண்டும் என்பதில் ஐயமிருக்காது. ஆஸ்லோவிலோ டொராண்டோவிலோ பனி விழும் வேறு எந்த ஊரிலோ குடியிருக்கும் வாசகர்கள், இந்தக் குளிர்காலத்தில் தங்கள் நகராட்சியிடம் பனியகற்றும் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் முதல் வரியில் எல்லா ஊரும் ஏறத்தாழ ஒன்றையே எழுதியிருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது கடைசி வரி. அந்த வரியில் உங்கள் தாயோ குழந்தையோ நடக்கும் பாதை இருந்தால், முதல் பனி விழுவதற்கு முன்பே கடிதம் எழுதிவிடுங்கள்.